ஆக்கவுரிமை வழக்குகளும் இணக்கத் தீர்வும்



மயிலிட்டித் துறைமுகத்திலே அதிகாலை மீன் விற்பனை முடிந்ததும், றெஜிபோம் பெட்டிகளைப் பின்னே கட்டிக்கொண்டு சுன்னாகத்துக்கும் அதற்கு அப்பாலும் விரைந்து செல்லும் மோட்டார் சைக்கிள்களை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். அவற்றுட் பல பஜாஜ் என்றோ டி.வி.எஸ். என்றோ பெயர் தாங்கியவை. முன்னது பூனா நகரத்துக் கம்பெனி. பின்னது தமிழ்நாட்டுக் கம்பெனி. நம் தெருக்களிலே பகையின்றி ஓடும் இவ்விரண்டின் உரிமையாளரும், இயந்திரத்தின் தலையிலே திருகப்படும் விரலளவான ஓர் உறுப்பின் பொருட்டு, 2007ஆம் ஆண்டு தொடக்கம் 2019ஆம் ஆண்டு வரை பன்னிரண்டு ஆண்டுகள் வழக்காடினர். முடிவில் நீதிமன்றம் தீர்ப்புக் கூறவில்லை. வழக்காடியவர்களே கூடிப் பேசி வழக்கை முடித்துக்கொண்டனர். அந்தக் கதையைப் பின்னர்ச் சொல்வேன். அதற்கு முன், இத்தகைய வழக்குகள் ஏன் பெரும்பாலும் இவ்வாறே முடிகின்றன என்பதையும், அந்த வழக்கம் எப்படி வளர்ந்தது என்பதையும் சிறிது பார்ப்போம்.

ஆக்கவுரிமை என்பது அரசு ஒரு புத்தாக்குநருடன் செய்துகொள்ளும் பேரம். அவர் தம் கண்டுபிடிப்பின் நுட்பத்தை ஒளியாமல் எழுதிக் கொடுக்கவேண்டும். அதற்குக் கைம்மாறாக, குறித்த காலம் வரையில் வேறெவரும் அவருடைய அனுமதியின்றி அதனைச் செய்யவோ விற்கவோ கூடாது என்னும் காவலை அரசு வழங்குகின்றது. இக்காலத்தில் அந்தக் காவல் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் வரை நிற்கும். தமிழ்நாட்டார் இதனைக் காப்புரிமை என்பர்.

வழக்கென்றால் யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதன்று. கதியால் ஒரு முழம் நகர்ந்துவிட்டதென்று மல்லாகம் நீதிமன்றத்துப் படியேறி, அப்புக்காத்துமாருக்கும் பிறக்கிராசிமாருக்கும் பணத்தை இறைத்து, பேரன் காலம் வரையில் தவணை கேட்ட குடும்பங்கள் இருந்தன. ஆயினும் வேலி வழக்குக்கும் ஆக்கவுரிமை வழக்குக்கும் ஒரு பெரிய வேற்றுமையுண்டு. வேலி வழக்கிலே யார் வென்றாலும் நிலம் இருந்த இடத்தில் இருக்கும். ஆக்கவுரிமை வழக்கிலோ நிலமே மறைந்துபோகலாம். 'நான் உன் உரிமையை மீறவில்லை' என்று சொல்லுவதோடு எதிராளி நிற்பதில்லை. 'உன் கண்டுபிடிப்பே புதியதன்று. உனக்கு முன்னரே இன்னொருவர் செய்துவிட்டார். உன் உரிமைப் பத்திரம் செல்லாது' என்றும் வாதிடுவார். அவ்வாதம் பலித்தால், உரிமையாளர் இழப்பது இந்த ஒரு வழக்கை மாத்திரமன்று. உலகத்தார் அனைவருக்கும் அது பொதுச்சொத்தாகிவிடும். எதிராளிக்கும் அச்சம் குறைந்ததன்று. அவர் தோற்றால் பெருநட்டஈடு கொடுப்பதோடு, தொழிற்சாலையையே மூடவும் நேரலாம். எனவே இறுதித் தீர்ப்பு என்னும் வாசலை நெருங்க நெருங்க இரு திறத்தாருக்கும் ஒருங்கே கால் தயங்குகின்றது. அந்தத் தயக்கத்திலேதான் இணக்கம் பிறக்கின்றது.

இதற்குப் பழைய சான்று தையல் இயந்திரம். எலியாஸ் ஹவ் என்னும் அமெரிக்கர், நுனியிலே துளையுள்ள ஊசியும் நூல் நாடாவும் சேர்ந்து பூட்டுத் தையலிடும் இயந்திரத்துக்கு 1846ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஆக்கவுரிமை பெற்றார். வாங்குவார் இல்லை. பிழைப்புத் தேடி இங்கிலாந்து சென்று, வெறுங்கையராய் 1849ஆம் ஆண்டிலே திரும்பியபோது, தம் ஊசியைப் பிறர் தத்தம் இயந்திரங்களிலே ஓடவிட்டுப் பணம் தேடுவதைக் கண்டார். அவர்களுள் முதன்மையானவர் ஐசாக் சிங்கர். ஹவ் வழக்குத் தொடுத்தார். சிங்கரோ, 1834ஆம் ஆண்டளவிலேயே இவ்வகை ஊசியைச் செய்துவிட்டு உரிமை கோராமல் இருந்த வால்ற்றர் ஹண்ட் என்பவரைத் தேடிப்பிடித்து முன்னிறுத்தினார். அந்த வாதம் நிற்கவில்லை. ஹண்ட் தம் கண்டுபிடிப்பைக் கைவிட்டவர் என்று கருதப்பட்டது. 1854ஆம் ஆண்டில் சிங்கர் 15,000 டொலர் கொடுத்து ஹவ்வுடன் இணங்கினார்.

ஆயினும் போர் ஓயவில்லை. ஊசி ஒருவருக்கு, துணியை நகர்த்தும் பொறி இன்னொருவருக்கு, வேறோர் உறுப்பு மூன்றாமவருக்கு. எல்லோருடைய உரிமையையும் மீறாமல் ஒரு நல்ல இயந்திரத்தை எவராலும் செய்யமுடியாத நிலை. ஒருவர் மீது ஒருவர் தொடுத்த வழக்குகளின் விசாரணைக்காக 1856ஆம் ஆண்டில் அவர்கள் அல்பனி நகரிலே கூடியிருந்தபோது, ஓர்லாண்டோ பொற்றர் என்னும் கம்பெனித் தலைவர் ஒரு யோசனை சொன்னார். வழக்காடி ஒருவரையொருவர் அழிப்பதிலும், உரிமைகளையெல்லாம் ஒரு குளத்திலே சேர்த்து, இயந்திரமொன்றுக்கு இவ்வளவென்று கட்டணம் வாங்கிப் பங்கிட்டுக்கொள்வோம் என்றார். மூன்று கம்பெனிகளும் ஹவ்வும் உடன்பட்டனர். கட்டணம் இயந்திரமொன்றுக்கு 15 டொலர். அதிலே உள்நாட்டில் விற்கப்படும் ஒவ்வொன்றுக்கும் 5 டொலர் ஹவ்வுக்கு. வறுமையில் வாடியவர் செல்வராய் இறந்தார். நம் கரையோரங்களிலே கரைவலைப் பாட்டுக்கு முறைவைத்து வலை வளைப்பதை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு வியப்பாக இராது.

அந்தக் கூட்டு, உரிமைகளுட் கடைசியானது காலாவதியாகிய 1877ஆம் ஆண்டில் முடிவுற்றது. அதே ஆண்டிலேதான் சிங்கர் கம்பெனி இலங்கையிலும் கால்வைத்தது. நம் பாட்டிமார் காலால் மிதித்த கறுப்பு இயந்திரத்தின் பின்னே இப்படியோர் உடன்படிக்கை இருந்தது என்பதை நினைவிற் கொள்வது சுவையானது.

தொலைபேசியின் கதை இதனிலும் நுட்பமானது. அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1876ஆம் ஆண்டு மார்ச்சு 7ஆம் நாள் உரிமை பெற்றார். தந்தித் தொழிலிலே அமெரிக்காவின் பேரரசாய் விளங்கிய வெஸ்ரேண் யூனியன் கம்பெனி, எலிஷா கிரே, தோமஸ் எடிசன் ஆகியோருடைய கருவிகளைக்கொண்டு தானும் தொலைபேசித் தொழில் தொடங்கியது. பெல்லின் கம்பெனி சிறியது, ஆயினும் அஞ்சவில்லை. 1878ஆம் ஆண்டு செப்டெம்பரில், பெரிய கம்பெனியின் முகவராகிய டௌட் என்பவர் மீது வழக்கிட்டது. சாட்சியங்கள் பதிவாகிக்கொண்டிருந்தபோதே வெஸ்ரேண் யூனியனின் சொந்தச் சட்டத்தரணி கிபோட் என்பவர், பெல்லின் உரிமையை அசைக்க முடியாதென்று கண்டு, இணங்கிப் போவதே நலமென்று தம் கட்சிக்காரருக்கு உரைத்தார். வெல்லுவோம் என்று சொல்லிக் கட்டணம் வாங்குவது எளிது. தம் கட்சி தோற்கும் என்று காலத்தே சொல்லும் சட்டத்தரணி அரியர். கிபோட் அந்த இனத்தவர்.

1879ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் உடன்படிக்கை கைச்சாத்தானது. வெஸ்ரேண் யூனியன் தொலைபேசித் தொழிலை விட்டு விலகி, 55 நகரங்களிலிருந்த ஏறத்தாழ 56,000 தொலைபேசிகளைப் பெல் கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டும். பெல் கம்பெனி 17 ஆண்டுகளுக்குத் தொலைபேசி வாடகையில் நூற்றுக்கு 20 பங்கை அதற்குக் கொடுக்கவேண்டும்; தந்தித் தொழிலிலே தலையிடவும் கூடாது. தோற்கவிருந்தவர் வெறுங்கையோடு போகவில்லை. வெல்லவிருந்தவர் ஐயமின்றி உரிமையைப் பெற்றார். அந்த ஐயம் எவ்வளவு பெரிதென்பது பின்னரே வெளிப்பட்டது. வேறு கம்பெனிகளோடு பெல் நடத்திய வழக்குகள் அமெரிக்கத் தலைமை நீதிமன்றம் வரை சென்று 1888ஆம் ஆண்டில் முடிவானபோது, அவருக்குச் சார்பாக நின்றவர் நால்வர்; எதிராக நின்றவர் மூவர். ஒரு நீதிபதி மாறியிருந்தால் சரித்திரமே வேறு.

வானொலி முன் அமர்ந்திருக்கும் நேயர்களுக்கு வானொலியின் கதையைச் சொல்லாமல் விடலாகாது. இன்று நீங்கள் இரைச்சலின்றிக் கேட்கும் பண்பலை ஒலிபரப்பைக் கண்டவர் எட்வின் ஆம்ஸ்ட்ரோங் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். நுண்மதி படைத்தவர்; பிடிவாதம் அதனினும் மிகுந்தவர். இளமையிலே அவர் கண்ட முதற் பெருங் கண்டுபிடிப்பு, மெல்லிய வானொலி அலையைப் பன்மடங்கு வலுப்படுத்தும் ஒரு சுற்று. 1914ஆம் ஆண்டில் அதற்கு உரிமை பெற்றார். லீ டி பாரஸ்ட் என்பவர் அது தம்முடையது என்றார். வழக்கு மூண்டது.

1922ஆம் ஆண்டில் நீதிமன்றம் ஆம்ஸ்ட்ரோங்கின் பக்கம் நின்றது. எதிராளியிடம் நட்டஈடு கொடுக்கப் பணமில்லை. அந்தத் தொகையை விட்டுக்கொடுத்திருந்தால் இறுதிக் கட்டளை பதிவாகி, வழக்கு அன்றே முடிந்திருக்கும். தம்மை அவமதித்தவர் பணம் கட்டியே தீரவேண்டும் என்று அவர் மறுத்தார். இறுதிக் கட்டளை பதிவாகாமையால் வாசல் திறந்தே கிடந்தது. எதிராளி வேறு வழியாக உள்ளே வந்தார். 1934ஆம் ஆண்டில் தலைமை நீதிமன்றம் டி பாரஸ்டுக்கே உரிமை என்று முடிவுகட்டியது. பொறியியலாளர் பலர் அத்தீர்ப்பை இன்றும் ஏற்பதில்லை. தமக்கு வழங்கப்பட்ட பதக்கத்தை ஆம்ஸ்ட்ரோங் திருப்பிக் கொடுக்க முன்வந்தபோது வானொலிப் பொறியியலாளர் கழகம் அதனை வாங்க மறுத்துவிட்டது. ஆயினும் பதக்கம் வேறு, உரிமை வேறு.

இதனால் அவர் பாடம் கற்றாரோ என்றால் இல்லை. பண்பலைக்கு 1933ஆம் ஆண்டு டிசெம்பரில் உரிமை பெற்றார். ஆர்.சி.ஏ. என்னும் பெருங் கம்பெனி 1940ஆம் ஆண்டில் பத்து இலட்சம் டொலர் ஒரே தொகையாய்த் தர முன்வந்தது. ஏனைய கம்பெனிகள் விற்பனைக்கேற்ப உரிமைப் பணம் கட்டும்போது இவர்களுக்கு மட்டும் சலுகை எதற்கு என்று அவர் மறுத்தார். நியாயம் அவர் பக்கம்தான். அதனை மறுப்பார் இல்லை. 1948ஆம் ஆண்டு யூலையில் வழக்கிட்டார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணிமார் ஆண்டுக்கணக்கில் வினாவுக்குமேல் வினா தொடுத்து விசாரணையை இழுத்தடித்தனர். உரிமையின் காலம் 1950ஆம் ஆண்டில் முடிந்தது, கைப்பொருள் கரைந்தது, மனைவியும் பிரிந்திருந்தார். 1954ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் ஆம்ஸ்ட்ரோங் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அதே ஆண்டு டிசெம்பரில் அவருடைய மனைவி மரியன், ஆர்.சி.ஏ. கம்பெனியோடு ஏறத்தாழப் பத்து இலட்சம் டொலருக்கு இணங்கி அவ்வழக்கை முடித்தார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் கணவர் தள்ளிய தொகையும் ஏறக்குறைய அதுவே. ஆயினும் அந்த அம்மையார் எல்லா வழக்குகளையும் இணக்கத்தில் முடிக்கவில்லை. எஞ்சியவர்களுள் மறுத்தவர்களோடு ஒவ்வொருவராய்ப் பொருதி, 1967ஆம் ஆண்டில் மோட்டோரோலா கம்பெனியையும் வென்றார். எதனை விடுவது, எதனைப் பிடிப்பது என்று அறிந்திருந்தார். இந்த வரலாற்றிலே என் மதிப்புக்குரியவர் அவரே.

இணக்கம் என்றவுடன் அது எப்போதும் நன்மையே என்று எண்ணிவிடவும் வேண்டா. வழக்காடும் இருவருக்கும் இனிக்கின்ற உடன்படிக்கை, வாசலுக்கு வெளியே நிற்கும் மூன்றாமவருக்குக் கசக்கலாம். மருந்துத் தொழிலிலே இது நடந்தது. ஒரு மருந்தின் உரிமையாளர், மலிவான மருந்து செய்ய முன்வந்த போட்டியாளர் மீது வழக்கிடுகின்றார். பின்னர், வழக்கிட்டவரே எதிராளிக்குப் பெருந்தொகை கொடுத்து, 'இத்தனை ஆண்டு சந்தைக்கு வராதே' என்று இணங்குகின்றார். இருவருக்கும் இலாபம், நட்டம் நோயாளிக்கு. அக்டாவிஸ் என்னும் கம்பெனி இவ்வாறு 2015ஆம் ஆண்டு வரை காத்திருக்க உடன்பட்ட விவகாரத்தில், இத்தகைய உடன்படிக்கைகளும் போட்டிச் சட்டத்தின்படி ஆராயப்படவேண்டியவையே என்று அமெரிக்கத் தலைமை நீதிமன்றம் 2013ஆம் ஆண்டில் தீர்த்தது.

நம் நாட்டு நிலைமையையும் சொல்லவேண்டும். இங்கே 1906ஆம் ஆண்டிலிருந்து ஆக்கவுரிமைக் கட்டளைச் சட்டம் இருந்தது. 1979ஆம் ஆண்டின் சட்டக்கோவை அதன் இடத்தைப் பெற்றது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இப்போது நடைமுறையிலுள்ளது. இவ்வழக்குகளைக் கேட்பது கொழும்பிலுள்ள வணிக மேல் நீதிமன்றம். மயிலிட்டியிலே ஒருவர் வள்ள இயந்திரத்துக்கு ஒரு புதிய பொறியைக் கண்டு உரிமை பெற்று, அதனை வேறொருவர் களவாகச் செய்து விற்றால், ஒவ்வொரு தவணைக்கும் இரவுப் பயணம் செய்து கொழும்புக்குப் போகவேண்டும். பணமுள்ள எதிராளி தவணை கேட்டுக்கொண்டேயிருந்தால் அவர் எத்தனை இரவு போவார்? 1990ஆம் ஆண்டில் ஊரை விட்டு எழுந்து, துறைமுகப் பகுதி 2017ஆம் ஆண்டு யூலை 3ஆம் நாள் விடுவிக்கப்படும் வரையில் காத்திருந்த மக்களுக்கு, காத்திருத்தலின் விலையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அத்தகையவருக்குச் சட்டத்திலே ஒரு வழி உண்டு. 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 408ஆம் பிரிவு, வழக்காளியும் எதிராளியும் சட்டத்துக்கு இயைந்த முறையிலே தமக்குள் இணங்கினால், அதனை நீதிமன்றத்துக்கு அறிவித்து, அதன்படியே கட்டளை பெறலாம் என்கின்றது. இங்கே கவனிக்கவேண்டியது, அந்த இணக்கம் திண்ணையிலே பேசி விட்டுவிடும் பேச்சன்று என்பதே. நீதிமன்றக் கட்டளையாகவே அது பதிவாகின்றது, மீறினால் நிறைவேற்றுவிக்கலாம். ஆம்ஸ்ட்ரோங் 1922ஆம் ஆண்டில் பெறத் தவறியதும் இத்தகைய ஒரு முடிவையே.

இணக்கம் பேசுவோர் வழக்கமாக நோக்குவன யாவை? எதிராளி தொழிலை நிறுத்துவதா, அன்றி அனுமதி பெற்றுத் தொடர்வதா. தொடர்ந்தால் ஒரே தொகையா, விற்கும் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவா. கடந்த காலத்து விற்பனைக்கு என்ன கணக்கு. எதிராளியிடமும் பயனுள்ள உரிமைகள் இருந்தால் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்வதா. இவற்றைப் பேசும்போது சொல்லியவற்றைப் பின்னர் நீதிமன்றத்திலே எடுத்துக்காட்டி மடக்கக்கூடாது என்று முதலிலேயே உறுதி செய்துகொள்வது வழக்கம். அவ்வுறுதி இல்லாவிடின் எவரும் வாய்திறவார்.

இனி மோட்டார் சைக்கிளுக்கு வருவோம். சிறிய இயந்திரத்தின் எரியறையில், நம் மெக்கானிக்குமார் 'பிளக்' என்று சொல்லும் தீப்பொறிச் செருகி ஒன்றே இருப்பது வழமை. அதற்கு இரண்டு வைத்தால் பெற்றோலும் காற்றும் சேர்ந்த கலவை விரைந்து, நிறைவாய் எரியும், எரிபொருள் மிச்சமாகும். விட்டம் 45 முதல் 70 மில்லிமீற்றர் வரையுள்ள சிறிய உருளைகளிலே இவ்வாறு இரண்டு செருகி பொருத்தும் முறைக்கு பஜாஜ் கம்பெனி 2002ஆம் ஆண்டு யூலை 16ஆம் நாள் விண்ணப்பித்து, 2005ஆம் ஆண்டு யூலையில் 195904 என்னும் இலக்கமுள்ள உரிமையைப் பெற்றது. பல்சர் என்னும் அதன் வண்டி இந்த இயந்திரத்தோடு பெயர் பெற்றது.

2007ஆம் ஆண்டில் டி.வி.எஸ். கம்பெனி 'பிளேம்' என்னும் 125 சி.சி. வண்டியை அறிவித்தது. அதிலும் இரண்டு செருகி. பஜாஜ் கண்டித்தது. டி.வி.எஸ். காத்திராமல், உரிமையையே நீக்கும்படி மேன்முறையீட்டுச் சபையிலே மனுச் செய்தது. ஆதாரமற்ற மிரட்டல் என்று சென்னையிலும், மானநட்டம் என்று பம்பாயிலும் வழக்கிட்டது. இரட்டைச் செருகி பழைய சங்கதி, ஹொண்டா கம்பெனி அமெரிக்காவிலே முன்னரே உரிமை பெற்றிருந்தது, தமது இயந்திரமோ மூன்று வால்வுள்ள வேறு வகை என்பன அதன் வாதங்கள். பஜாஜும் சென்னை உயர் நீதிமன்றத்திலே உரிமை மீறல் வழக்கைத் தொடுத்தது. தமிழ்நாட்டிலே உயர் நீதிமன்றம் என்பது நம் தலைமை நீதிமன்றத்தைப் போன்றதன்று. அதற்கு மேலே டில்லியில் உச்ச நீதிமன்றம் உண்டு.

2008ஆம் ஆண்டு பெப்ரவரி 16ஆம் நாள் தனி நீதிபதி இடைக்காலத் தடை விதித்தார். டி.வி.எஸ். வண்டியின் ஒரு செருகியைக் கழற்றிவிட்டு, ஒற்றைச் செருகியோடு சந்தைக்கு அனுப்பியது. 2009ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் இரு நீதிபதிகள் அமர்ந்த ஆயம் அத்தடையை நீக்கியது. பஜாஜ் உச்ச நீதிமன்றம் சென்றது. அங்கே 2009ஆம் ஆண்டு செப்டெம்பர் 16ஆம் நாள் பிறந்த கட்டளை குறிப்பிடத்தக்கது. டி.வி.எஸ். வண்டியை விற்கலாம், ஆயின் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் விற்றவற்றுக்குச் செம்மையான கணக்கு வைக்கவேண்டும், அதனை மேற்பார்க்க ஒருவர் நியமிக்கப்படுவார். பிரதான வழக்கை நவம்பர் 30ஆம் நாளுக்குள் முடிக்கவேண்டும். ஆக்கவுரிமை போன்ற வழக்குகளை நாள்தோறும் தொடர்ந்து விசாரித்து, சாதாரணமாக நான்கு மாதங்களுக்குள் தீர்ப்பளிக்கவேண்டும் என்றும் அந்நீதிமன்றம் எல்லா நீதிமன்றங்களுக்கும் கூறியது.

இரண்டரை மாதம் என்று குறித்த காலம் பத்து ஆண்டுகளாய் நீண்டது. 'பிளேம்' வண்டி சந்தையில் நிலைக்கவில்லை. பொறியியலாளர் புதிய இயந்திரங்களுக்குப் போய்விட்டனர். இடைக்காலத் தடை கிடைக்குமா என்பதிலேதான் இரு திறத்தாரின் முழுப்பலமும் செலவாயிற்று. உண்மையில் வியாபாரத்தைத் தீர்மானித்ததும் அதுவே. எஞ்சியது ஏட்டுக்கட்டு மாத்திரம். 2019ஆம் ஆண்டு ஒக்டோபரில், நிலுவையிலிருந்த வழக்குகளையெல்லாம் இணக்கமாக முடித்துக்கொண்டதாக இரு கம்பெனிகளும் அறிவித்தன. 2007ஆம் ஆண்டிலேயே இவ்விணக்கத்துக்கு வந்திருந்தால், செருகி ஒன்றுக்கு இவ்வளவு என்று உரிமைப் பணம் கட்டி, அந்த வண்டி இரண்டு செருகியோடு ஓடியிருக்கலாம். கட்டியவருக்கும் வாங்கியவருக்கும் பயன் இருந்திருக்கும். வண்டியே மறைந்தபின் வந்த இணக்கத்தால் வழக்குச் செலவு நின்றது என்பதே மிச்சம்.

சிறிய உருளையிலே இரண்டு செருகி வைப்பது புதிய ஆக்கமா, பழைய அறிவா என்னும் வினாவுக்கு அந்தச் சென்னை வழக்கிலே இறுதி விடை எழுதப்படவில்லை. 195904ஆம் இலக்க உரிமையின் 20 ஆண்டுக் கால எல்லையும் 2022ஆம் ஆண்டு யூலையோடு கடந்துவிட்டது. இப்போது எந்தக் கம்பெனியும் அதனைத் தடையின்றிச் செய்யலாம்.